மூன்று மானிகளும் வடிகட்டி மூடியும்

ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அங்கே கொதிநீர் வடிகட்டியை ஒட்டி மூன்று அழுத்தமானிகள் குடியிருந்தன. மூன்றுக்கும் ஒரே தொழில் என்பதால் ஒன்றுக்கொன்று ஆகாது.

மூத்தது வெற்றிடத்திலிருந்து அளக்கும். காற்றுகூட இல்லாத வெறுமைதான் அதற்குப் பூஜ்யம். நடுவிலது வெளிக்காற்றிலிருந்து அளக்கும். சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். இளையதற்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. வடிகட்டியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம், அதை மட்டும் சொல்லும். பஞ்சாயத்தில் உட்கார வேண்டியது, தவறிப்போய்க் குழாயில் உட்கார்ந்துவிட்டது.

அன்று வடிகட்டியைச் சுத்தம் செய்யப் பம்பை நிறுத்தி, இருபுறமும் வால்வை மூடியிருந்தார்கள். அழுத்தத்தோடு கொதிநீர் உள்ளே சிக்கிக்கொண்டது.

“ஏழு,” என்றது மூத்தது.

“ஆறு,” என்றது நடுவிலது. “மூடி திறந்து கிடந்தாலும் ஒன்று ஒன்று என்று கத்துகிற ஆசாமிதானே நீ? அந்த ஒன்றைக் கழித்துவிட்டுப் பேசு.”

“உன்னையும் சேர்த்துத்தான் காற்று அழுத்துகிறது. உனக்கு உறைக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?”

இளையது கொட்டாவி விட்டது. “பூஜ்யம். இரண்டு பக்கமும் சரிசமம். சண்டையே இல்லாத இடத்தில் எதற்கு இந்தச் சத்தம்?”

அப்போது மேற்பார்வையாளர் குழந்தைவேலு, ஃபிட்டர் செங்கோடனை அழைத்துக்கொண்டு வந்தார். ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனமும் குங்குமமும் மூத்ததன் முகத்தையும் நடுவிலதன் முகத்தையும் மாதக்கணக்கில் மூடியிருந்தன. பக்தி அவ்வளவு பலமாக இருந்தது. இளையது உயரத்தில் இருந்ததால் பூசியவரின் கைக்கு எட்டவில்லை. அதனால் அது ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது.

“மீட்டர் பூஜ்யம் காட்டுது. மூடியக் கழட்டு,” என்றார் குழந்தைவேலு.

செங்கோடன் மூடியைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. நடுவிலதன் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தான்.

“அட, சந்தனத்த அழிக்காதப்பா! சாமி குத்தம்.”

“ஏனுங்க, இது ஆறுங்குது, அது பூஜ்யங்குது?”

“மேல இருக்கற மீட்டர் பூஜ்யத்துல இருந்தாத் திறக்கலாம்னு போர்டுல எழுதியிருக்கு. எழுதுனதே நான்தான். பயமா இருந்தா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

‘ஏழு! ஏழு!’ என்று மூத்தது கதறியது. ‘ஆறுதான்!’ என்று நடுவிலது திருத்தியது. மனிதன் சாகப்போகிற நேரத்திலும் அவற்றுக்குக் கணக்குத்தான் முக்கியம்.

செங்கோடனுக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். முகம் வெந்தால் வேறு முகம் கிடைக்காது. அவன் ஸ்பானரைப் பணிவாக நீட்டினான்.

“சரிங்க. பன்னெண்டு போல்ட்டுல மொதல் போல்ட்ட மட்டும் நீங்க கழட்டுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்.”

குழந்தைவேலு மேலே இருந்த பூஜ்யத்தைப் பார்த்தார். கீழே இருந்த ஆறையும் பார்த்தார். பிறகு வாசற்படி வரை பின்னால் நடந்துபோய், அங்கே நின்றுகொண்டு, “எதுக்கும் மொதல்ல வடிகால் வால்வத் திறந்து அழுத்தத்த எறக்கு,” என்றார்.

அழுத்தத்தை எங்கிருந்து அளக்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது: தன் தோலிலிருந்து.