மாதி சொல்ல வேண்டிய பெயர்

வெண்கோட்டை நாட்டுப் படையில் மலைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்; தலைவர் பதவியில் ஒருவர்கூட இல்லை. காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. பெயர் சொல்லிக் கேட்காதவரை சபையில் வாய் திறப்பது மலையில் மரியாதைக்கேடு. கோட்டையிலோ, பேசாதவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மாதி என்ற மலைப்பெண் உபதலைவியாகி ஆலோசனைச் சபைக்கு வந்தபோதும், ஓராண்டு பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள். மூன்று படைத்தலைவர்களுக்கு மனசு கேட்கவில்லை. கூத்தன் அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், எதிர்க்கரைக்குக் கேட்கும்படி பேசப் பழக்கினார். தொண்டை கட்டினால் சுக்குக் கஷாயமும் அவரே வைத்துக் கொடுத்தார். சாத்தன் அவளுடைய யோசனைகளை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு, "இது மாதியோட யோசனை" என்று சபையில் வாதாடி ஜெயிப்பார். ஒரு தடவைகூட அவள் பெயரை விட்டதில்லை. நக்கனுக்கு வாதாடவெல்லாம் வராது. தன் முறை வந்ததும், "மாதி, உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். யாராவது குறுக்கிட்டால் முறைப்பார்.

நக்கன் காய்ச்சலில் படுத்திருந்த நாளில், காட்டாற்றைக் கடந்து எதிரியைத் தாக்கலாமா என்ற பேச்சு வந்தது. நக்கன் கேட்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சேனாபதி தாமாகவே, "மாதி, நீ என்னம்மா சொல்றே?" என்றார். மலையில் மழை பிடித்துவிட்டது, நாளை வெள்ளம் வரும் என்றாள். படை நின்றது, வெள்ளம் வந்தது, ஆயிரம் பேர் பிழைத்தார்கள். மாதி படைத்தலைவியானாள்.

அடுத்த மாதம் மலையிலிருந்து நான்கு இளம் அதிகாரிகள் வரப்போகிறார்கள். அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று மாதியே சொல்லட்டும் என்றார் ராஜா. மூவரும், வளர்த்தது நான்தானே என்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தார்கள். மாதிக்கு மூவருமே உயிர். ஆனால் தவறான ஆளைச் சொல்லிவிட்டால், அந்த நால்வரும் வாயடைத்து உட்கார்ந்திருந்துவிட்டு மலைக்கே திரும்பிவிடுவார்கள்.

அவள் யார் பெயரைச் சொல்வது நியாயம்?

விடை: நக்கன் பெயரைத்தான் சொன்னாள். கூத்தன் பழக்கியது மாதி ஒருத்தியை. சாத்தன் வராத நாளில் அவள் யோசனையும் சபைக்கு வராது. நக்கனோ சபையையே கேட்கப் பழக்கியிருந்தார். அவர் படுக்கையில் கிடந்த அன்றும் கேள்வி அவளைத் தேடி வந்தது. வரப்போகும் நால்வருக்கும் அப்படிப்பட்ட சபைதான் வேண்டும். கூத்தனும் சாத்தனும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மாதி இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா, சேனாபதி கேட்டப்போ எனக்குப் பேச வாயே வந்திருக்காது" என்றாள். அது பொய்யில்லை. இருவரும் இன்னொரு அகப்பை சோறு போடச் சொன்னார்கள்.