பாதியில் அறுந்த சொல்

நஸ்ரீன் டீச்சரின் சீடர்களில் ஒருவர் அவரைவிட இருபது வயது மூத்தவர். பெயர் ஆவுடையப்பன், கால்நடை மருத்துவர். சங்கரன்கோவில் பக்கம் அவரைத் தெரியாத மாட்டுக்காரர்கள் குறைவு. அவர் சீடரானது பக்தியினால் அல்ல, கோபத்தினால்.

மாட்டு நோய்களைப் பற்றித் தமிழில் வலைப்பதிவு எழுதிவந்தார் அவர். அதற்கு அவர் பயன்படுத்தியது 'அகவல்' என்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தியும் அனுப்பலாம். டாக்டர் எடுத்துக்கொண்டதோடு சரி, திறந்து பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் கோமதி என்ற பெண் போன் செய்தாள்.

"டாக்டரய்யா, பூச்சி மருந்து வாங்கிட்டு வந்துட்டேன். சினை மாட்டுக்கு எவ்வளவு ஊத்தணும்?"

"ஊத்தக் கூடாதும்மா! சினை கலைஞ்சு கன்னு வீசிரும். அதைத்தானே எழுதியிருக்கேன்?"

"நீங்கதான் 'கொடு'ன்னு போட்டிருக்கீங்க."

டாக்டர் தன் தளத்தைத் திறந்தார். பதிவின் உள்ளே 'கொடுக்காதீர்கள்' என்றுதான் இருந்தது. ஆனால் முகப்பில் ஒவ்வொரு பதிவின் முதல் சில எழுத்துகளை மட்டும் காட்டி, மிச்சத்தை மென்பொருள் வெட்டிவிடும். அது வெட்டிய இடம் இது:

'இந்தப் பூச்சி மருந்தைச் சினை மாட்டுக்குக் கொடு…'

கோமதி கேட்டாள், தப்பித்தாள். கேட்காமல் ஊற்றியவர்கள்? டாக்டர் அந்தப் பதிவை உடனே நீக்கிவிட்டு, அகவல் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். பக்கத்திலேயே கடையநல்லூரில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில் அகவல் வேலை சொல்லித்தருகிறாராம்.

நேரே போய் நின்றார்.

"இந்த மாதிரி வெட்டச் சொல்லி எழுதினவன் யாரு?"

நஸ்ரீன் டீச்சர் மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்.

"வெட்டுறது இந்த இடம். யார் எழுதினதுன்னு பாக்கணுமா சார், எங்க தப்புன்னு பாக்கணுமா?"

"எங்க தப்புன்னு" என்றார் டாக்டர்.

டீச்சர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். "அப்ப உக்காருங்க."

"நானா? நான் மாட்டு வைத்தியன், டீச்சர்."

"எங்க வலிக்குன்னு மாடு வாயத் திறந்து சொல்லுதா? நீங்களாத்தானே கண்டுபிடிக்கீங்க."

டாக்டர் உட்கார்ந்தார்.

அந்த மழைக்காலம் முழுவதும் ஞாயிறுதோறும் வந்தார். எழுத்தை எண்ணி வெட்டாமல், சொல் முடிகிற இடம் பார்த்து வெட்டவேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவை அவர் எழுதி முடிப்பதற்குள் தை பிறந்துவிட்டது. முதல் தடவை அனுப்பியதைக் குழு திருப்பி அனுப்பியது. அடுத்த தடவையும். டீச்சர் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. "பாருங்க" என்பார், தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

மூன்றாவது ஏற்கப்பட்டது.

புதிய பதிப்பு வெளியான அன்று, நீக்கிய பதிவை மறுபடி ஏற்றிவிட்டுக் கோமதியின் வீட்டுக்கே போனார் டாக்டர். அவள் போனில் முகப்பைத் திறக்கச் சொன்னார். 'சினை மாட்டுக்குக்…' என்று நின்றது. பாதிதான் சொன்னது, பொய் சொல்லவில்லை.

"இதை நான்தான் சரிபண்ணேன். உலகத்துல அகவல் எங்க ஓடுனாலும் என் வரிதான் ஓடுது" என்றார். கோமதிக்கு முழுசாக விளங்கவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். தொழுவத்தில் கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதன் நெற்றியைத் தடவினார். எத்தனையோ பிரசவம் பார்த்தவர், அன்றைக்குப் போல நெஞ்சு நிமிர்ந்து வீடு திரும்பியதில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு, வாடிய முகத்தோடு மாடியேறினார்.

"டீச்சர், கம்போடியாவுல ஒரு பொண்ணு என் வரியை எல்லாம் அடிச்சிட்டா. சிவப்புக் கோடா வந்து நிக்குது."

"எதுக்காம்?"

"அவங்க பாஷையில வார்த்தைக்கு வார்த்தை இடம் விட மாட்டாங்களாம். நான் எழுதினது இடத்தைத் தேடிக்கிட்டே போயி, முழுப் பதிவையும் முகப்புல கொண்டாந்து கொட்டுதாம்."

"அவ மாத்தினது சரியா இருக்கா?"

"ராத்திரி ஓட்டிப் பாத்தேன். அவங்க பாஷைக்கும் சரியா வருது, தமிழுக்கும் வருது." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னைவிட நல்லாவே எழுதியிருக்கா."

"பெறகு என்ன சார்?"

"என்னோடதுன்னு அதுல இனி ஒண்ணுமே இல்லையே, டீச்சர்."

நஸ்ரீன் டீச்சர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவ இன்னும் அடிக்கல, சார். அடிக்கலாமான்னு கேட்டிருக்கா. அகவல்ல வெட்டுற இந்தப் பகுதிக்குச் சரின்னு சொல்லவேண்டியது யாருன்னு குழுவுல விசாரிச்சா. எல்லாருமா உங்க பேரைத்தான் சொன்னோம். வெள்ளிக்கிழமையிலேருந்து உங்க பதிலுக்குக் காத்திருக்கா."