ஒரு புழுக்கைக்காகக் காத்திருந்தவர்

“நான் பேசினா ஜனங்க அழறாங்க, அம்மா. எனக்குத்தான் ஒண்ணும் ஆகமாட்டேங்குது.”

சொன்னவர் ஆபத்சகாயம். வயது அறுபத்தொன்று. முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் ஜீவகாருண்யம் பற்றிச் சொற்பொழிவு செய்கிறவர். அவர் குரல் ஏறி இறங்கினால் மைதானமே மூக்கை உறிஞ்சும்.

கேட்டுக்கொண்டிருந்தவள் நீலாம்மை. அவரைவிட இருபத்து நாலு வயது சிறியவள். மலைமேல் ஒரு குடிலில் இருந்தாள். எந்த ஊர், யாரிடம் படித்தாள் என்று எவருக்கும் தெரியாது. அதிகம் பேசமாட்டாள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

“கருணைன்னு வாய் சொல்லுது. உள்ளே ஒரு அசைவும் இல்லை. மந்திரம் கொடுங்க, விரதம் சொல்லுங்க. எதுவானாலும் செய்றேன்.”

நீலாம்மை எழுந்து வெளியே போனாள். ஒரு கூண்டோடு திரும்பி வந்து அதை அவர் முன்னால் வைத்தாள்.

கம்பிக் கூண்டு. ஒரு கிளிக்குத்தான் போதும். அதற்குள் சாம்பல் நிற முயல் ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. மலையைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் அன்று காலையில்தான் அதை விட்டுவிட்டுப் போயிருந்தது. குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கியதாம். குழந்தைக்குச் சலித்துவிட்டதாம்.

“பார்த்துக்குங்க.”

“எத்தனை நாளைக்கு, அம்மா?”

அவள் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆபத்சகாயம் கூண்டைத் திறந்தார். சந்தையில் பார்த்திருந்தபடி முயலின் இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார்.

சட்டென்று யாரோ அவருடைய காதைப் பிடித்தார்கள். மேலே இழுத்தார்கள். கனத்த உடம்பு அவருக்கு. கால் விரல் நுனியில் நின்றார்.

“ஐயோ! அம்மா!”

நீலாம்மை காதை விட்டாள். ஒரு கையை முயலின் நெஞ்சுக்குக் கீழேயும் மற்றொரு கையைப் பின்னங்கால்களுக்கு அடியிலும் கொடுத்துத் தாங்கி வாங்கிக்கொண்டாள். அதன் பாதத்தை மெல்லத் திருப்பி அவருக்குக் காட்டினாள்.

ரோமம் தேய்ந்து, தோல் உரிந்து, செக்கச் சிவந்த புண். கம்பியின் மேலேயே நின்ற பாதம்.

முப்பது வருஷம் பேசியவர் குனிந்து அந்தப் புண்ணைப் பார்த்தார்.

மறுநாள் மூங்கில் வெட்டி, முற்றத்தில் புல் இருந்த இடத்தைச் சுற்றி வேலி கட்டினார். மேலே வலை போட்டார். நிழலுக்குக் கீற்று வேய்ந்தார். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் அறுத்து, உள்ளே வைக்கோல் பரப்பினார். கையெல்லாம் கொப்புளம்.

நீலாம்மை வந்து பார்த்தாள்.

“ஒரு வாசல்தானா?”

“போதாதா, அம்மா?”

“பாம்பு அந்த வாசல் வழியா வந்தா?”

அவர் மறுபடி ரம்பத்தை எடுத்தார்.

அடிவாரத்துக்குப் போய் ஒரு பை நிறையக் கேரட் வாங்கி வந்தார். அன்று மத்தியானம் குடிலில் கேரட் பொரியல்.

“அது முயலுக்கு வாங்கினது, அம்மா.”

“முயல் கேரட் திங்கும்னு யார் சொன்னா?”

யோசித்தார். “படத்துல பார்த்திருக்கேன்.”

“அப்ப படத்துல இருக்கிறதுக்குக் கொடுங்க.”

அவள் ஒரு கட்டு காய்ந்த புல்லை அவர் மடியில் போட்டாள். “அதோட பல்லு சாகிற நாள்வரைக்கும் வளரும். நாள் பூரா புல்லை அரைச்சாத்தான் தேயும். குடலும் ஓடும்.”

தினமும் காலையில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“நேத்து எத்தனை?”

“எது எத்தனை, அம்மா?”

“புழுக்கை.”

“நான் ஞானம் தேடி வந்தேன். புழுக்கை எண்ண வரலை.”

அவள் காத்திருந்தாள்.

“நிறைய இருந்தது,” என்றார்.

“நிறையன்னா எத்தனை?”

மறுநாள் குனிந்து எண்ணினார். இருநூற்றுப் பதினாலு. அடுத்த நாள் இருநூற்று முப்பது. எண்ண எண்ண அவற்றின் உருண்டையும் நிறமும் பருமனும் கண்ணுக்குப் பழகின. தன் உள்ளங்கை ரேகையைக்கூட அவர் அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை.

ஆனால் முயல் அவரைக் கண்டால் பெட்டிக்குள் ஓடியது. வேலிக்குள் நின்று தன் கம்பீரக் குரலில் பாட்டுப் பாடினார். ஓடியது. கதை சொன்னார். பின்னங்காலால் தரையை ‘தொம்’மென்று அறைந்துவிட்டு ஓடியது.

“அஞ்சாயிரம் பேர் என் குரலுக்காக மழையில நனைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க, அம்மா. இது ஓடுது.”

“எங்கே இருந்து பேசுறீங்க?”

“அது முன்னாலதான். நின்னுக்கிட்டு.”

நீலாம்மை அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

ஆபத்சகாயமும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு துண்டை விரித்து, வேலிக்குள் தரையோடு தரையாகப் படுத்தார். வாயை மூடிக்கொண்டார்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. எறும்பு கடித்தது. முதுகு வலித்தது. தினமும் போய்ப் படுத்தார்.

பத்தொன்பதாம் நாள் அவர் விரலில் ஏதோ பட்டது. மீசை. அதன் பின்னால் இளஞ்சூடான, நூலிழை போன்ற மூச்சு. ஒரு கணம்தான். அது போய்விட்டது.

அன்று முழுவதும் அவர் அந்தக் கையைக் கழுவவில்லை.

ஒரு மாதத்தில் பாதம் ஆறி, மேலே புது ரோமம் அரும்பியது. கையிலிருந்து கொத்தமல்லித் தழை தின்றது. ஒரு மாலை, வெயில் தாழ்ந்த நேரம், நின்ற இடத்திலிருந்து அந்தரத்தில் துள்ளி, உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, வேறு திசை பார்த்து இறங்கியது. மறுபடி துள்ளியது. எதற்காகவும் அல்ல. யாருக்காகவும் அல்ல. ஆபத்சகாயம் மூச்சுவிட மறந்து கிடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து சிலர் மலைக்கு வந்தார்கள். அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

“ஐயா, நீங்களா? இது உங்க முயலா? பக்கத்துல வருமா?”

அவருக்குள் பழைய மேடை விழித்துக்கொண்டது. வாழைப்பழத்தில் ஒரு துண்டு கிள்ளி நீட்டினார். முயல் ஓடி வந்து வாங்கிற்று. கை தட்டினார்கள். இன்னொரு துண்டு. அதற்கும் தட்டினார்கள். பழம் தீர்ந்தது. இன்னொன்றை உரித்தார்.

மறுநாள் காலையில் அவர் குனிந்து எண்ணினார்.

ஒன்றுகூட இல்லை.

முயல் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புல்லைத் தொடவில்லை. தழையை நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டது. பற்களை நறநறவென்று கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அதே நேரம் வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. அடிவார ஊர் விழாக் குழுவின் செயலாளர் தங்கப்பழம் இறங்கினார். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்ட கூட்டம். அன்று மாலை ஆறு மணி. தலைப்பு, ஜீவகாருண்யம்.

“ஐயா, கிளம்பலாமா? ஊரே காத்துக்கிட்டிருக்கு.” கையோடு கொண்டுவந்த பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினார்.

ஆபத்சகாயம் நீலாம்மையைத் தேடினார். கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, புழுக்கை போடலை. நான் என்ன செய்ய?”

அவள் அவரைப் பார்த்தாள். குடத்தை நிரப்பினாள்.

அவர் ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி, முயலை அடியில் கை கொடுத்துத் தாங்கி எடுத்து வைத்தார். பொன்னாடையைக் கழற்றிச் சுற்றிலும் அணைத்தார்.

“காரை ஆஸ்பத்திரிக்கு விடுங்க.”

“உங்களுக்கு உடம்புக்கு என்னய்யா?”

“எனக்கில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்கு.”

அவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் தங்கப்பழம் விழா மைதானத்துக்குப் போனார். டாக்டர் ரிஸ்வானா முயலின் வயிற்றை விரல் நுனிகளால் தடவிப் பார்த்தாள். காதில் கருவியை மாட்டி வெகுநேரம் கேட்டாள்.

“குடல் ஓட்டம் நின்னுபோச்சு. உள்ளே ஒரே காத்து. இனிப்பு ஏதாவது கொடுத்தீங்களா?”

“வாழைப்பழம்.”

“எவ்வளவு?”

அவர் தலை குனிந்தார். “கைதட்டல் நிக்கிற வரைக்கும்.”

அவளுக்கு அது புரியவில்லை. ஊசி போட்டாள். தோலுக்கு அடியில் மருந்து நீர் ஏற்றினாள். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

“முயல் வலியை வெளியே காட்டாது, ஐயா. காட்டினா வேட்டையாடுறது அதைத்தான் முதல்ல தூக்கும். நமக்குத் தெரியறப்போ அநேகமா எல்லாம் முடிஞ்சிருக்கும். நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?”

“எண்ணினேன்.”

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “எண்ணுறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்.”

“பிழைக்குமா?”

“குடல் ஓடணும். ஒரு புழுக்கை விழுந்தாப் போதும். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்லமாட்டேன்.”

ஆபத்சகாயம் தரையில் உட்கார்ந்தார். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி வயிற்றை மெல்ல நீவினார். புல் தூளைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். பாதி வெளியே வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டார்.

நாலு மணி. ஐந்து மணி. போன் அடித்தது.

“ஐயா, தங்கப்பழம் பேசுறேன். மைதானம் நிறைஞ்சுபோச்சு. கிளம்பிட்டீங்களா?”

“நான் வர முடியாதய்யா.”

“ஐயா! ஐயாயிரம் பேர்! நான் என்னன்னு சொல்றது? அப்படி அங்க என்னதான் செய்றீங்க?”

“ஒரு முயல் புழுக்கை போடக் காத்திருக்கேன்.”

 மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

வெளியே தூரத்தில் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லிற்று. மறுபடி சொல்லிற்று. பிறகு வேறு யாரோ பாடினார்கள்.

அவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவருடைய உள்ளங்கைக்குக் கீழே, அந்தச் சின்ன வயிற்றுக்குள், ஏதோ ஒன்று ‘களுக்’கென்றது. பூமிக்கடியில் ஊற்று உடைந்த மாதிரி. கையை எடுக்காமல் கேட்டார். மறுபடி ஒரு களுக்.

சிறிது நேரம் கழித்து முயல் உடம்பை அசைத்தது. வைக்கோலில் ஏதோ விழுந்தது.

கறுப்பாக, கோணலாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக.

ஆபத்சகாயம் அதைக் கையில் எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. டாக்டர் ரிஸ்வானா உள்ளே ஓடி வந்தாள்.

“என்னய்யா, என்ன ஆச்சு?”

அவர் உள்ளங்கையை நீட்டினார்.

அவள் பார்த்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழட்டும் என்று இருந்தாள்.

அவர் கிளம்பும்போது டாக்டர் சொன்னாள். “ஒத்தையா வச்சிருக்காதீங்க. உடம்பு தேறட்டும், கருத்தடை பண்ணிட்டு ஒரு துணை பார்ப்போம். அதுங்க தனியா இருக்கப் பிறந்ததில்லை.”

மலைக்குத் திரும்பியதும் நீலாம்மை கூட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வாழைப்பழத்தைப் பற்றி அவரே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, “எத்தனை?” என்றாள்.

“பதினொண்ணு விழுந்தது.”

தலையசைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு நாள் கழிந்தது. மழைக்கு முந்திய ஒரு மத்தியானம். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. ஆபத்சகாயம் வேலிக்குள் படுத்திருந்தார். முயல் புல் மேய்ந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டது. மெல்ல மெல்லத் தத்தி வந்து, அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

நின்றதும் தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

கால்கள் நீண்டுவிட்டன. வெள்ளை வயிறு தெரிந்தது. தலை புல்லில் கிடந்தது.

தொடப் பயமாயிருந்தது. வேலிக்கு வெளியே நீலாம்மை விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்தாள்.

“அம்மா…” உதடுதான் அசைந்தது. “போயிட்டான்.”

அவள் விறகைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள். வேலியருகே வந்து குனிந்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

“கண்ணைப் பாருங்க, ஐயா.”

பார்த்தார். மூடியிருந்தது. வயிறு மெல்ல ஏறிற்று, மெல்ல இறங்கிற்று.

இத்தனை நாளில் அந்தக் கண்கள் மூடி அவர் பார்த்ததே இல்லை. தூங்கும்போதும் அவை விழித்திருக்கும். காற்றுக்கு, நிழலுக்கு, காலடிக்கு. இப்போது, ஒரு மனிதனின் கைக்கு எட்டுகிற தூரத்தில், அவை மூடியிருந்தன.

நீலாம்மை தன் செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். அதன் பிறகுதான் வேலிப் படலைத் திறந்தாள்.