பாசி படிந்த பாதம்

செம்பாறை ஜமீன் பூங்காவின் நீரூற்றைப் பார்த்தவர்கள் சொக்கிப்போவார்கள். பளிங்கு மங்கை குடம் சாய்ப்பாள். கல்மீன்கள் வாயால் நீர் பீய்ச்சும். அந்தக் குழாய்களுக்குள் செத்த தவளையும் அழுகிய இலையும் விருந்தாளிகள் துப்பிய வெற்றிலை எச்சிலும் கலந்து கிடந்த கண்றாவி அவர்களுக்குத் தெரியாது. அதைக் கைவிட்டு அள்ளியவர் பாவாத்தாள் அம்மையார். அள்ளும்போதெல்லாம் அவர் வாய் முருகன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும்.

தடாகத்தை ஒட்டி ஒரு செய்குன்று. குன்றென்றால் குமரனும் வேண்டுமே என்று, சுதை மயில்களுக்கு நடுவே அழகுக்காக ஒரு சிறு சந்நிதி கட்டி முருகனையும் வைத்திருந்தார் ஜமீன்தார். சாமியைப் பொம்மையாக்கியதை நினைத்தாலே குமட்டுகிறது. அம்மையாரோ வேலை முடிந்ததும் குளித்துவிட்டுப் படியேறி அவனைக் கண்குளிரக் காண்பார். எத்தனை குளித்தாலும் தடாகத்து வாடை அவரை விட்டுப் போவதில்லை. அந்தத் தரிசனம் ஒன்றுதான் அவருக்கு வாழ்வு.

கிருத்திகையன்று, அத்தர் பூசிய விருந்தாளிகள் அவரைக் கண்டு மூக்கைப் பொத்தினார்கள். காரியஸ்தர் வந்து படியில் மறித்தார்.

"நாத்தம் கொடலப் பொரட்டுது. இனி இந்தப் படியில கால வெச்சீன்னா உனக்கு வேல கெடையாது."

துப்பியவர்கள் அவர்கள், நாறியவர் மட்டும் இவராம்.

அம்மையாரின் கண் கலங்கியது. முருகன் இருந்த திசையைக் கும்பிட்டு, "உன்ற வாசல்ல நாத்தம் வேண்டாஞ் சாமி. நான் கீழயே இருந்துக்கறேன்" என்று சொல்லித் தடாகத்தில் இறங்கினார். அங்கிருந்து பார்த்தால் சந்நிதி தெரியாது.

மறுநாள் காலை சந்நிதியே நாறியது. பூசை செய்யும் சென்னியப்பப் பண்டாரம் செத்த எலி கிடக்கிறதா என்று தேடினார். பன்னீரை ஊற்றினார், சந்தனத்தை அப்பினார். நாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. என்னவென்று பார்க்க வந்த ஜமீன்தார் வாசலிலேயே வாந்தியெடுத்தார். பண்டாரம் மூச்சை அடக்கிக்கொண்டு சந்தனத்தை வழித்தபோது, முருகன் பாதத்தில் தடாகத்துப் பாசியும் விரலிடுக்கில் கறுத்த சேறும் இருந்தன. துடைக்கத் துடைக்க ஊறின. முந்தின நாள் படியில் மறிக்கப்பட்ட அம்மையார் நினைவுக்கு வர, அவருக்கு விளங்கிவிட்டது. ஓட்டமாகக் கீழே இறங்கினார்.

முழங்கால் சேற்றில் நின்ற அம்மையாரிடம், "மேல வாங்காத்தா. சாமி உங்ககூடச் சேத்துல நிக்குது" என்றார்.

"மேலுக்குத் தண்ணி வாத்துக்கிட்டு வந்தர்றேனுங்க."

"வேண்டாமாத்தா. இப்படியே வாங்க."

சேறு சொட்டச் சொட்ட அம்மையார் படியேறினார். காரியஸ்தர் ஒதுங்கி வழிவிட்டார். விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் காலைத் துடைப்பதுபோல் முந்தானையால் முருகனின் பாதங்களை அம்மையார் துடைத்தார். பாசி மறுபடி ஊறவில்லை. நாற்றமும் போயிற்று. பண்டாரம் சுவாமியின் பரிவட்டத்தை எடுத்து அவர் தலையில் கட்டினார். ஜமீன்தார் வாயைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினார்.

அத்தர் மணந்த கூட்டத்தை விட்டுவிட்டு எச்சில் சேற்றில் போய் நின்றான் குமரன். அவனுக்கு அங்கே துணையிருந்த பாவாத்தாள் அம்மையாரின் சேற்றடிகளை நம் தலைமேல் கொள்வோம்.