தோல் இழந்த குளம்

நெட்டைக்காலனுக்கு முதலில் துரோகம் செய்தவர் பெருந்தொண்டையார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெருந்தொண்டையார் அல்லிக்குளத்துத் தவளைகளின் தலைவர். நெட்டைக்காலன் அதே குளத்தில் தண்ணீர் மேல் நடந்து திரியும் ஒரு கிழட்டுப் பூச்சி. உடம்பு வைக்கோல் துணுக்கு அளவு இருக்கும். கால்கள் மட்டும் நீளம். அவன் நின்றால் கால் பட்ட இடத்தில் தண்ணீர் லேசாகக் குழியும். ஆனால் கால் நனையாது.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் தண்ணீரில் இறங்கினாலும் தட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். தவளை என்றால் மூன்று தட்டு. நண்டு என்றால் இரண்டு. ஆமை ஒரே ஒரு தட்டு, அதுவும் பலமாக. தட்டினால் சிற்றலை வட்ட வட்டமாகக் கிளம்பும். நடுக்குளத்தில் நிற்கும் நெட்டைக்காலனின் கால்களுக்கு அது வந்து சேரும். தட்டாமல் ஓர் அலை வந்தால் வந்தவன் வெளியாள். பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பு.

"ஏறுங்கள்!" என்று நெட்டைக்காலன் ஒரு சத்தம் போடுவான். குளமே கரையேறிவிடும்.

இந்தக் காவலுக்குக் கூலி பேசியவர் பெருந்தொண்டையார்தான். "மூன்று மழைக்காலம் காவல் இரு. தாழம்புதர் நிழல் உனக்கு. அங்கே விழுகிற கொசு, ஈ எல்லாம் உனக்கு. எங்கள் நாக்கு அந்தப் பக்கம் நீளாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

தாழை அடியில் வெயில் இறங்காது. காற்று அடிக்காது. மேலிருந்து பூச்சி உதிர்ந்துகொண்டே இருக்கும். வயதான காலத்தில் ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்று மழை போயிற்று. ஐந்தாவது மழையும் போயிற்று. நெட்டைக்காலன் நடுக்குளத்து வெயிலிலேயே நின்றான். தாழை நிழலில் பெருந்தொண்டையார் உட்கார்ந்து ஈ பிடித்தார்.

"ஐயா, அந்த நிழல்..."

"தருவேன் அப்பா, தருவேன்! நிழல் எங்கே ஓடிவிடப் போகிறது?"

இப்படி இருக்கும்போது பெருந்தொண்டையாரின் மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இருப்பவர்கள். இடம் பார்க்க வந்த சம்பந்தி குளத்தங்கரையில் நின்று முகத்தைச் சுளித்தார்.

"என்ன சம்பந்தி, உங்கள் தண்ணீர் இப்படிச் சுருங்கிக்கொண்டே இருக்கிறது? ஏதாவது நோயா?"

"அது காற்றில் வரும் அலை சம்பந்தி."

"அலையா? எங்கள் கிணற்றில் அப்படி ஒன்று கிடையாது! தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். என் மகன் காலையில் எழுந்ததும் அதில் முகம் பார்த்துத்தான் பழக்கம். இந்த ஆட்டத்தில் அவனுக்குத் தலை சுற்றும். முகூர்த்தத்துக்குள் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் பெண்ணை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்!"

பெருந்தொண்டையார் குளத்தைச் சுற்றிச் சுற்றித் தத்தினார். அலையை எப்படிச் சரிசெய்வது? அப்போது பூவரச மரத்திலிருந்து ஓர் அண்டங்காக்கை இறங்கி வந்தது.

"இதற்கா கவலை? செக்கடியில் எண்ணெய் துடைத்த கந்தைத்துணி கிடக்கிறது. ஒன்றைக் கொண்டுவந்து போட்டால் குளம் அடங்கிவிடும்."

"ஒரு கந்தையிலா? இவ்வளவு பெரிய குளமா?"

"ஒரு கரண்டி எண்ணெய் போதும் ஐயா! அது இருக்கிற இடத்தில் இருக்காது. ஓடும். கரைக்குக் கரை பரவும். அதன் மேல் காற்றுக்குப் பிடிப்பு கிடைக்காது. கல்யாணச் சாப்பாட்டில் எனக்கு நாலு மீன் தந்தால் போதும்." பெருந்தொண்டையார் தலையசைத்ததும் காக்கை செக்கடிக்குப் பறந்தது.

நெட்டைக்காலன் இதைக் கேட்டான். கேட்காமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் காதில் விழுந்துவிட்டது. கரை ஓரம் வந்தான்.

"ஐயா, வேண்டாம். தண்ணீருக்குத் தோல் உண்டு. நான் நிற்பது அதன் மேல்தான். பாம்பு வருவதை எனக்குச் சொல்வதும் அதுதான். எண்ணெய் பட்டால் அந்தத் தோல் தளர்ந்துவிடும்."

"தண்ணீருக்குத் தோலா!" என்று பெருந்தொண்டையார் சிரித்தார். "நான் பிறந்ததிலிருந்து தண்ணீரில்தான் கிடக்கிறேன். ஒரு நாளும் தோல் இடித்ததில்லையே!"

"நீங்கள் கனமானவர். கிழித்துக்கொண்டு போய்விடுகிறீர்கள். அந்தச் சேம்பிலையைப் பாருங்கள். மேலே ஒரு துளி நிற்கிறது. தண்ணீர்தானே? ஏன் வழிந்து பரவாமல் கோலிக்குண்டு மாதிரி உருண்டு நிற்கிறது? சுற்றிலும் தோல் இழுத்துப் பிடித்திருக்கிறது."

அந்த நேரம் பார்த்துக் காக்கை கந்தையோடு திரும்பி வந்தது. கந்தையிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அதே சேம்பிலையில் விழுந்தது. உருண்டு நின்ற துளி தொப்பென்று படுத்துவிட்டது.

"பார்த்தீர்களா!" என்றான் நெட்டைக்காலன்.

"பார்த்தேன், பார்த்தேன். ஒரு துளி படுத்ததற்கா இத்தனை ஒப்பாரி? உனக்கு நிழல் கிடைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல். என் மகள் கல்யாணத்தில் வந்து காட்டுகிறாய்!"

பேசிப் பேசி நெட்டைக்காலனுக்கு அலுத்துவிட்டது. அருகில் இருந்த கோரைத்தண்டில் ஏறிக்கொண்டான்.

காக்கை கந்தையைக் குளத்தில் போட்டது. எண்ணெய் மயில்கழுத்து நிறத்தில் விரிந்தது. அது போன வழியெல்லாம் சிற்றலை செத்தது. கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்க வழவழவென்று ஆகிவிட்டது. பூவரச மரம் தலைகீழாக, இலை இலையாகத் தெரிந்தது.

"அடடா! இதுவல்லவா தண்ணீர்!" என்றார் முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளையோடு வந்த சம்பந்தி. மாப்பிள்ளை குனிந்து முகம் பார்த்துக்கொண்டார்.

நெட்டைக்காலன் ஒரு காலை மட்டும் நீட்டித் தண்ணீரைத் தொட்டான். கால் சளக்கென்று உள்ளே போயிற்று. இத்தனை வருஷம் அவனைத் தாங்கிய தண்ணீர், அவனைத் தெரியாதது போல் விட்டுவிட்டது. காலை உதறி எடுத்தான். நனைந்திருந்தது. நனைந்த கால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

முகூர்த்த நேரம் வந்தது. தவளைகள் எல்லாம் வரிசையாக மூன்று தட்டுத் தட்டி இறங்கின. ஒரு தட்டும் நெட்டைக்காலனுக்கு வந்து சேரவில்லை. கிளம்பிய அலை நாலு முழம் போவதற்குள் மடிந்தது.

அப்போது எதிர்க்கரையில் தண்ணீர்ப் பாம்பு இறங்கியது. வழக்கம்போல் தட்டவில்லை. அதன் சிற்றலையும் வழியிலேயே மடிந்தது. பாம்பு பாதிக் குளம் வந்த பிறகுதான் நெட்டைக்காலன் அதைக் கண்ணால் கண்டான். அவனுக்குப் பார்வை மட்டு.

"ஏறுங்கள்! பாம்பு! ஏறுங்கள்!"

"கிழவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான்!" என்று பெருந்தொண்டையார் திரும்பாமலே சொன்னார். "மேளத்தைப் பலமாக அடியுங்கள்!"

மேளம் பலமாக அடித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மாலையை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினார். மாலை தண்ணீரில் விழுந்தது. தாய்மாமனைக் காணோம்.

பிறகு நடந்தது கல்யாணமா, இழவா என்று சொல்ல முடியாது. எல்லோரும் விழுந்தடித்துக் கரையேறினார்கள். பாம்பு உள்ளேயே எங்கோ படுத்துவிட்டது. எங்கே என்று தெரியவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

உச்சி வெயில் ஏறியது. கரையில் நின்ற தவளைகளுக்குத் தோல் காய்ந்தது. இறங்கினால் பாம்பு, நின்றால் வெயில். சம்பந்தி பெருந்தொண்டையாரைப் பிடித்து உலுக்கினார்.

"என் மைத்துனனைக் கொடும் ஐயா! எங்கள் கிணற்றில் இப்படி நடக்குமா?"

"நீங்கள்தானே சம்பந்தி கண்ணாடி கேட்டீர்கள்!"

"நான் கேட்பேன்! குளத்துக்காரர் உமக்குப் புத்தி எங்கே போயிற்று?"

பெருந்தொண்டையார் கோரை ஓரம் தத்தித் தத்தி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நெட்டைக்காலா, என்னப்பா செய்யலாம்?"

"தாழம்புதர் நிழல்" என்றான் நெட்டைக்காலன்.

"இந்த நேரத்திலா? சரி, உனக்குத்தான்! தண்ணீர் பழையபடி ஆகட்டும், மறுநாளே உனக்கு! என் மகள் மேல் ஆணை!"

அந்த ஆணையை நெட்டைக்காலன் நம்பவில்லை. ஆனால் அவனுக்கும் நிற்க இடம் வேண்டும். கோரைத்தண்டில் எத்தனை நாள் தொங்குவது? கரையில் நின்ற நண்டைக் கூப்பிட்டான்.

"நண்டக்கா, முதலில் அந்தக் கந்தையை வெளியே இழுத்துப் போடு. கரையோரம்தான் கிடக்கிறது. பிறகு கீழைக்கரைக்குப் போ. மேற்குக் காற்று எண்ணெயை அங்கேதான் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு நெல் கீழே கரையை வெட்டு. மேலே இருப்பதுதான் முதலில் வழியும். நெல்லளவுதான் அக்கா, அதற்கு மேல் போகாதே. குளமே போய்விடும்."

"வளை வெட்ட எனக்கே சொல்லித் தருகிறாயா?" என்றாள் நண்டு. ஆனால் நெல்லளவே வெட்டினாள். கந்தையை இழுத்ததில் அவள் கொடுக்கெல்லாம் பிசுக்கு. காக்கையைத் தேடினார்கள். அது மீனோடு எப்போதோ போய்விட்டது.

எண்ணெய் மெல்ல மெல்ல வழிந்தது. மயில்கழுத்து நிறம் கீழைக்கரையில் ஒதுங்கி, வாய்க்காலில் இறங்கி, புல்லில் படிந்தது. தண்ணீர் இறங்க இறங்க நண்டு வெட்டை ஆழப்படுத்தினாள், ஒவ்வொரு முறையும் ஒரு நெல். மூன்று நாள் ஆயிற்று. தவளைகள் சேற்றில் புதைந்து உயிரைக் காத்தன. நெட்டைக்காலன் மூன்று நாளும் பட்டினி. பூச்சி விழுந்தாலும் நடந்து போய் எடுக்கத் தாங்கும் தண்ணீர் இல்லையே!

நான்காம் நாள் காலை. காற்று வந்தது. குளத்தின் மேல் ஒரு சுருக்கம் ஓடியது. நெட்டைக்காலன் ஒரு காலை வைத்தான். தண்ணீர் குழிந்தது. தாங்கியது. இன்னொரு காலை வைத்தான். பிறகு ஆறு காலும்.

அப்படியே நடுக்குளத்துக்குப் போய் அசையாமல் நின்றான். நண்டின் இரண்டு தட்டு வந்தது. ஆமையின் ஒரு தட்டு வந்தது. தவளைகள் மூன்று மூன்றாகத் தட்டி இறங்கின. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பிறகு அல்லிக்கொடிப் பக்கமிருந்து ஓர் அலை வந்தது. மெலிந்தது, வளைந்தது. தட்டு இல்லை.

"ஏறுங்கள்! அல்லிக்கொடி ஓரம்! ஏறுங்கள்!"

இந்த முறை ஒருவரும் மேளம் அடிக்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் குளம் காலி. பாம்பு அங்கும் இங்கும் அலைந்தது. மறுபடி இறங்கியவர்களை நெருங்குவதற்குள் மறுபடி சத்தம். அன்று முழுக்க அதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்தியில் வெறும் வயிற்றோடு வரப்பேறிப் போயிற்று.

குளத்தில் ஒரே கொண்டாட்டம். பெருந்தொண்டையார் அல்லி இலை மேல் ஏறினார். தொண்டையை ஊதிக்கொண்டார்.

"கரையை வெட்டினால்தான் சரிப்படும் என்று எனக்கு அப்போதே தோன்றியது! நண்டை விட்டு வெட்டச் சொன்னேன். குளம் பிழைத்தது!"

"சம்பந்தி சம்பந்திதான்!" என்றார் கிணற்றுக்காரர். "யோசித்துப் பார்த்தால் இந்த அலையும் ஓர் அழகாகத்தான் இருக்கிறது."

நெட்டைக்காலன் பேச்சு முடியும்வரை காத்திருந்தான். பிறகு நடந்து வந்தான்.

"ஐயா, தண்ணீர் பழையபடி ஆகிவிட்டது. அந்த நிழல்..."

பெருந்தொண்டையார் தலையைச் சொறிந்தார். "தருவேன் அப்பா! இல்லை என்று சொன்னேனா? ஆனால் பார், புது மாப்பிள்ளை. கிணற்றிலேயே இருந்தவர். வெயில் ஆகாது. மாமனையும் பறிகொடுத்திருக்கிறார். இந்த நேரத்தில் அவரை நிழலை விட்டு எழு என்று சொல்ல முடியுமா? அடுத்த மழை வரட்டும்."

தாழை அடியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஓர் ஈ உதிர்ந்தது. அவர் நாக்கு நீண்டது.

நெட்டைக்காலன் நடுக்குளத்துக்குத் திரும்பினான். நனைந்த அந்த ஒரு கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. வெயில் முதுகில் விழுந்தது. தாழம்புதர்ப் பக்கமிருந்து தினமும் மூன்று தட்டு வரும், பெருந்தொண்டையார் இறங்குகிறார் என்று. அவன் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பான். அடுத்த மழையும் வந்தது, போயிற்று. நிழல் வரவில்லை.

ஆபத்து வருமுன் சொல்பவனின் பேச்சைத் தொல்லை என்று தள்ளுகிறவன் ஆபத்தில் மாட்டி அழுவான். ஆபத்து தீர்ந்ததும் சொன்னவனுக்குத் தர வேண்டியதை அவனே மறந்தும் போவான்.