கேமராவுக்கு ரப்பர் மாற்றிய மூவர்

புத்திசாலிகளைப் பற்றிக் கதை சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பாடு அவர்களோடு போகட்டும். நாம் மேலச்சுழி கடைத்தெருவுக்குப் போவோம். அங்கே உர டிப்போவுக்கு அடுத்து ‘ஒற்றுமை ஸ்டூடியோ’ என்று ஒன்று இருந்தது. பொன்னுலிங்கம், ஈசாக்கு, மஸ்தான் என்று மூன்று கூட்டாளிகள். மூவருக்கும் சேர்த்து ஒரு கேமரா, ஒரு மேசை, ஒரு மூளை. அந்த மூளை மற்ற இருவரில் ஒருவரிடம் இருப்பதாக மூவருமே நம்பினார்கள். அதனால் தொழிலில் சண்டையே வந்ததில்லை.

டிஜிட்டல் கேமராதான். ஆனால் டிஜிட்டல் என்ற சொல்லே புதிதாக இருந்த காலத்தில் வாங்கியது. படம் இன்னும் பளிச்சென்று விழும். கைப்பிடியில் ஒட்டியிருந்த கறுப்பு ரப்பருக்குத்தான் வயதாகிவிட்டது. ஊறின அப்பளம் மாதிரி உப்பி, ஓரமெல்லாம் கிளம்பி, பிடித்தால் விரலோடு வந்தது. அந்த ரப்பருக்கும் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பார்வைக்குத்தான் அசிங்கம்.

அந்தச் சமயத்தில், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் உமையொருபாகத்துக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அவர் மனைவி சொர்ணம் ஆச்சிக்கு ஒரு தீராத குறை உண்டு. முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் நடந்த கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து போட்டோக்காரர் பந்தியில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கை கழுவுகிற படம் இருக்கிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா கொட்டாவி விடுகிற படம்கூட இருக்கிறது. தாலி கட்டுகிற படம் மட்டும் இல்லை. இந்த அறுபதாம் கல்யாணச் சமயத்தில் ஊருக்குச் செல்போன் வந்திருந்தது என்றாலும் சனங்கள் அதில் பேச மட்டும்தான் செய்தார்கள். ஆகவே ஆச்சி ஒற்றுமை ஸ்டூடியோவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“மத்த படம் எப்படி விழுந்தாலும் சரி. தாலி கட்டுத படம் ஒண்ணு எனக்கு வேணும். அதுக்காகத்தான் இந்தக் கல்யாணமே,” என்றவர், பொன்னுலிங்கத்தின் கையைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். “அது என்னய்யா கையில, செத்த எலியா?”

“கேமரா, ஆச்சி. ரப்பர்தான் போயிட்டு. படம் நல்லா விழும்.”

“விழட்டும். நாலு சனம் கூடுத எடத்துக்கு இதைத் தூக்கிட்டு வந்தா என் மானம் என்ன ஆகுறது? புது ரப்பர் போட்டுக் கொண்டாங்க. இல்லன்னா நான் வெளியூர் ஆளுக்குச் சொல்லிக்கிடுதேன்.”

மதுரைக் கடை ஒன்றுக்குச் சொல்லி அனுப்பியதும், ரப்பர் பார்சலில் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு சீட்டு. நாலே நாலு வரி. எழுதிய மனிதர், படிப்பவனுக்குப் புத்தி இருக்கும் என்ற நம்பிக்கையில் சுருக்கமாக எழுதிவிட்டார்.

முதல் வரி: பழைய ரப்பருக்கு இளஞ்சூடு காட்டி, மெதுவாக உரிக்கவும்.

“இளஞ்சூடுன்னா எம்புட்டுச் சூடு?” என்றார் மஸ்தான்.

“அடுப்புச் சூடு இல்ல. அது முத்தின சூடு,” என்றார் பொன்னுலிங்கம்.

“அப்போ வெயில்?”

“வெயிலுக்கு அளவு கிடையாதுல்லா? காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. தொழில்னா ஒரு அளவு வேணும் வே.”

அந்த வாரம் ஈசாக்குக்குக் காய்ச்சல். நூறு டிகிரி. “பயப்படாதீங்க, லேசான சூடுதான்” என்று டாக்டரே வாயால் சொல்லியிருந்தார். டாக்டர் அளந்து சொன்ன சூட்டைவிட நம்பகமான சூடு உலகத்தில் உண்டா? கேமராவை ஈசாக்கின் கக்கத்தில் வைத்து, மேலே இரண்டு கம்பளியைப் போர்த்திவிட்டு, மற்ற இருவரும் காவல் இருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஈசாக்குக்கு வேர்த்தது. கேமராவுக்கும் வேர்த்தது. ரப்பர் தானாகக் கையோடு வந்துவிட்டது.

அதைவிட அதிசயம், ஈசாக்குக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஜலதோஷம் மட்டும் பாக்கி.

“பாத்தீரா? இவர் காய்ச்சல் கேமராவுக்குப் போயிட்டு,” என்றார் மஸ்தான் கவலையோடு. அதற்கு ஒரு வேளை கஷாயம் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தார்கள். சீட்டில் அப்படி எழுதியிருக்கவில்லை. அதனால் கேமரா பிழைத்தது.

இரண்டாவது வரி, பழைய பசையைத் துணியால் துடைக்கச் சொன்னது. இதில் தப்புச் செய்ய இடமே இல்லாததால் சரியாகச் செய்தார்கள்.

மூன்றாவது வரி: புது ரப்பரை ஒட்டி, ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கேமராவை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அதன் கண் கூரையைப் பார்த்தது. கண்ணின் மூடி எப்போதோ தொலைந்துபோன ஒன்று. புது ரப்பர் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. பொன்னுலிங்கம் கட்டைவிரலை அதன்மேல் ஊன்றினார்.

“நிமிசத்தைப் பாரும் வே.”

மஸ்தான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே பத்து. தீபாவளியிலிருந்து அது பத்தே பத்துதான் காட்டிக்கொண்டிருந்தது.

“ஆச்சா?”

“இல்ல. முள்ளு இன்னும் நகரல.”

கொஞ்ச நேரம் கழித்து, “இப்போ?”

“அப்படியேதான் இருக்கு.”

“இன்னைக்கு நிமிசம் கொஞ்சம் நீளமா இருக்கும்போல,” என்றார் ஈசாக்கு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“ஞாயித்துக்கிழமைல்லா? எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்.”

பொன்னுலிங்கத்தின் விரல் மரத்ததும் மஸ்தானின் விரல் வந்தது. மஸ்தானின் விரல் சிவந்ததும் ஈசாக்கின் விரல் வந்தது. கண்கொட்டாமல் முள்ளைப் பார்த்ததில் மூவருக்கும் கண்ணீர் வழிந்தது. பதினோரு மணிக்கு டீ கொண்டுவந்த சுடலை, “யாரு தவறிட்டா?” என்று பதறிப்போனான். விஷயம் தெரிந்ததும் கடிகாரத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதுல பேட்டரியே இல்ல,” என்றான்.

மூன்றரை மணி நேரம் அழுத்தியதில் ரப்பர் இனி எந்த யுகத்திலும் கழலாது. அதில் மூவருக்கும் பெருமைதான். அப்புறம்தான் நாலாவது வரியைப் படித்தார்கள்.

இருபத்துநாலு மணி நேரம் கேமராவைக் கையால் தொடக் கூடாது.

“இப்போ மணி பதினொண்ணு,” என்றார் பொன்னுலிங்கம். “நாளைக்குப் பதினொண்ணு வரைக்கும் தொடக் கூடாது.”

“நாளைக்கு முகூர்த்தம்?”

“ஒம்பதுல இருந்து பத்தரை.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், உண்மையிலேயே கலங்கித்தான் போனார்கள். ஆச்சி முப்பத்தாறு வருடம் காத்திருந்த படம். முதலில் வந்தவன் பாயசத்தால் கெடுத்தான், அடுத்து வந்தவர்கள் பசையால் கெடுத்தார்கள் என்று ஊர் சொல்லாதா?

“முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கச் சொன்னா என்ன?” என்றார் ஈசாக்கு.

“அது நட்சத்திரம் பாத்து வச்சது வே. இது மதுரையில எழுதி வச்சது. ரெண்டையும் மாத்த நாம யாரு?”

ஒரு மணி நேரம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். பிறகு மஸ்தான் சொன்னார்: “கேமராவைத்தானே தொடக் கூடாது? மேசையைத் தொடலாமுல்லா?”

அன்றைக்கு மூளை மஸ்தானிடம் இருந்தது என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, மல்லாந்த கேமராவோடு மேசை தெருவில் இறங்கியது. முன்னால் பொன்னுலிங்கம், பின்னால் மஸ்தான். தூசி விழக்கூடாது என்று ஈசாக்கு பக்கத்தில் குடை பிடித்து வந்தார். குடைக்குக் கீழே எதையோ இவ்வளவு பவ்வியமாகத் தூக்கிப் போனால் சனங்கள் சும்மா இருப்பார்களா? ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு அம்மா குடத்துத் தண்ணீரை வழியில் ஊற்றினார். “எந்தக் கோயில் சாமிங்க?” என்று ஒருவர் கேட்க, “மதுரையில இருந்து வந்தது,” என்றார் பொன்னுலிங்கம், பொய் சொல்லத் தெரியாதவர். அவ்வளவுதான், பந்தலுக்குப் போய்ச் சேரும்போது பின்னால் முப்பது பேர்.

சொர்ணம் ஆச்சி பட்டுப் புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தார். புது ரப்பரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “இப்பத்தான்யா கேமரா மாதிரி இருக்கு. எடுத்துக் கையில பிடிங்க.”

“பிடிக்க முடியாது ஆச்சி. பதினோரு மணி வரைக்கும் தொடக் கூடாது. சீட்டுல போட்டிருக்கு.”

“அப்போ எப்படிய்யா எடுப்பிய?”

“கேமரா வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் அதுக்கு மேல குனிஞ்சியள்னா போதும்.”

ஐயர் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். “என்ன ஓய், கிணத்தை எட்டிப் பாக்கற மாதிரி நின்னுண்டா தாலி கட்டறது?”

ஆச்சி ஒரு நிமிடம் யோசித்தார். நல்ல நிமிடம், கடிகாரம் ஓடுகிற நிமிடம். “சாமி, போன தடவை முறைப்படி உக்காந்துதான் கட்டுனாவ. என்ன கண்டேன்? மேசையை நடுவுல போடுங்க,” என்று எழுந்துவிட்டார்.

மேசைக்கு இந்தப் பக்கம் ஆச்சி, அந்தப் பக்கம் மாப்பிள்ளை. இருவரும் குனிந்தார்கள். என்னதான் தெரிகிறது என்று பார்க்கச் சொந்தக்காரர்களும் சுற்றிநின்று குனிந்தார்கள். இப்போது பொத்தானை யார் அமுக்குவது என்ற கேள்வி பிறந்தது.

“குச்சியால அமுக்குவோம்,” என்றார் ஈசாக்கு.

“குச்சியைத் தொடுதது எது? கை. கை குச்சியைத் தொட்டு, குச்சி கேமராவைத் தொட்டா, கை தொட்ட மாதிரிதான்,” என்றார் பொன்னுலிங்கம்.

“அப்போ கால்?”

“நல்ல காரியம் நடக்குத எடத்துலயா? சவட்டிப்புடுவேன்,” என்றார் ஆச்சி.

“மூக்கு?” என்றார் மஸ்தான். சீட்டை எடுத்து மூன்று முறை படித்தார்கள். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூவரில் நீளமான மூக்கு ஈசாக்குக்கு. அவர் மண்டியிட்டு, மேசை ஓரத்தில் தாடையை வைத்து, பொத்தானுக்கு நேராக மூக்கை நிறுத்தினார். கெட்டிமேளம் முழங்கியது. உமையொருபாகம் தாலியை ஆச்சியின் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

ஈசாக்கு தும்மினார்.

மேளம் நின்றது. ஒற்றைத் தும்மல்! அதுவும் தாலி கழுத்தில் ஏறுகிற நேரத்தில்!

“ரெட்டையா தும்மிட்டா தோசமில்ல,” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். “இன்னொண்ணு தும்மும்யா!”

“வர மாட்டேங்குதே,” என்றார் ஈசாக்கு, மூக்கை அசைக்காமல். வேண்டாத நேரத்தில் வருகிற விருந்தாளி, கூப்பிட்டால் வருவானா? சூரியனைப் பார்க்கச் சொன்னார்கள். மிளகாய்ப் பொடி கொண்டுவர ஒருவர் ஓடினார். பத்து, இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. குனிந்த நிலையில் தாலியைப் பிடித்திருந்த உமையொருபாகத்துக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் ஒரு கையில் தாலியோடு, மறு கையால் மடியிலிருந்த மூக்குப்பொடி டப்பியைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து ஈசாக்கின் மூக்குக்குள் வைத்து அழுத்தினார்.

அடுத்த தும்மலில் குத்துவிளக்கு அணைந்தது. ஈசாக்கின் மூக்கு பொத்தானில் போய் இடித்தது. போஸ்ட்மாஸ்டர் தாலியைக் கட்டியேவிட்டார். அந்தக் கணத்தில் சொர்ணம் ஆச்சிக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. கேமராவும் ‘கிளிக்’ என்றது.

மூன்றாம் நாள் படத்தைச் சட்டம் போட்டு, மூவரும் ஆச்சி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஆச்சி கண்ணாடி போட்டுப் பார்த்தார். மேலே பந்தல் துணி. சுற்றிலும் வட்டமாக எட்டிப் பார்க்கிற முகங்கள். நடுவில் புருஷனின் இரண்டு கையும் தன் கழுத்தில், தாலி பளபளவென்று தொங்க, தான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

“நானாய்யா இப்படிச் சிரிக்கேன்?” என்றார். கண் கலங்கிவிட்டது. “முதக் கல்யாணத்துல பயந்து அழுதுக்கிட்டே இருந்தேன். அந்தப் படம் இல்லாமப் போனதே நல்லதுய்யா. எனக்கு இதுதான் வேணும்.”

உமையொருபாகமும் எட்டிப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் தன் மூக்கிலும் ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டார். ஆனால் கூட்டாளிகள் மூவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

“என்னய்யா, படம் எடுத்தவங்க முகம் இப்படி இருக்கு?”

“மன்னிக்கணும் ஆச்சி,” என்றார் பொன்னுலிங்கம். “ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. புது ரப்பர் போட்டுத்தான் வரணும்னு சொன்னிய. நாங்களும் போட்டோம். ஆனா இந்தப் படத்துல எந்த மூலையில பாத்தாலும் ரப்பர் விழவே இல்ல.”

“விழலைன்னா என்ன?”

“நாளைக்கு யாராவது கேட்டா அத்தாட்சி வேணுமுல்லா? அதனால ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். பீரோக் கண்ணாடிக்கு முன்னால வச்சு இன்னொரு தடவை தாலி கட்டிருங்க. நாங்க கண்ணாடியைப் பாத்து எடுக்கோம். நடுவுல ரப்பர் நல்லாத் தெரியும். நீங்க ஓரத்துல எங்கயாவது நின்னுக்கிட்டாப் போதும்.”

ஆச்சி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். படத்தை மாரோடு அணைத்துக்கொண்டு, புருஷனோடு உள்ளே போய் வாசல் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

“சிரிக்காவ. சம்மதம்தான்,” என்றார் மஸ்தான்.

“பீரோவை நவுத்துதாவபோல,” என்றார் ஈசாக்கு. “கனமான பீரோ. நேரம் ஆகத்தான் செய்யும்.”

சாயங்காலம் பால் வாங்குவதற்காகக் கதவைத் திறந்த உமையொருபாகம் அப்படியே நின்றுவிட்டார். மூவரும் அதே இடத்தில் நின்றிருந்தார்கள்.

“நீங்க இன்னும் போகலையா?”

“அவசரமே இல்ல ஐயா, பீரோவை மெதுவா நவுத்துங்க,” என்றார் பொன்னுலிங்கம். “நாங்களும் சும்மா நிக்கல.”

அவருக்குப் பின்னால் வாசலில் ஐயர் தேங்காயோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் பின்னால், தெருவில் பாய் விரித்து உட்கார்ந்து, மேளக்காரர்கள் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.