மதில்டாவின் கை யாருடையது?

பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பாவின் குளிர்ந்த காடு ஒன்றில் மதில்டா என்ற பெண் அணில் இருந்தாள். அவள் அம்மா விட்டுச்சென்ற ஓக் மரப் பொந்து முழுக்க அவளே பொறுக்கிச் சேர்த்த கொட்டைகள்.

அவளை ஹூகோ என்ற அணில் மணந்துகொண்டான். அவனுக்கு வேலை என்றால் ஆகாது. பெருமை என்றால் உயிர்.

திருமணத்தை நடத்திவைத்த ஆந்தை, கண்ணை உருட்டியபடி சட்டத்தைப் படித்தது: "இன்று முதல் இவளுடைய மரம், கொட்டை, கை, கால் எல்லாம் கணவனுக்கே சொந்தம்!"

"ஆகா! என்ன அருமையான சட்டம்!" என்று ஹூகோ வாலைச் சுழற்றினான்.

மறுநாளே பொந்தின் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து கொறிக்கத் தொடங்கினான்.

"பசிக்கிறது. எனக்கும் இரண்டு கொடுங்கள்" என்றாள் மதில்டா.

"என் கொட்டையைக் கேட்க உனக்கு என்ன துணிச்சல்? இந்தா, வெறும் ஓடு. நக்கிக்கொள்!"

மதில்டா அதை வாங்கிக்கொண்டு கீழே பார்த்தாள். மரத்தடியில் ஒரு கரடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. குறிபார்த்து எறிந்தாள்.

டொக்! ஓடு கரடியின் மூக்கில் விழுந்தது.

"எவர் கை அது? எறிந்தவர்மேல் உட்காரப் போகிறேன்!" என்று கரடி உறுமியது.

"இந்தக் கைதான் ஐயா" என்று மதில்டா கையை நீட்டினாள். "ஆனால் இது யாருடையது என்று ஆந்தையாரைக் கேளுங்கள்."

பக்கத்துக் கிளையிலிருந்த ஆந்தை தொண்டையைச் செருமியது. "சட்டப்படி அது ஹூகோவின் கை."

கரடியின் பின்புறம் எவ்வளவு அகலம் என்பதை ஹூகோ அப்போதுதான் கவனித்தான்.

"இல்லை, இல்லை! கை அவளுடையது!"

"கை அவளுடையதென்றால், அது சேர்த்த கொட்டை?" என்றது ஆந்தை.

"அவளுடையது! மரமும் அவளுடையது! என் மீசையைக்கூட அவளே வைத்துக்கொள்ளட்டும்!"

"ஆந்தையாரே, கேட்டீர்கள் அல்லவா?" என்றாள் மதில்டா. பிறகு கரடியிடம் திரும்பினாள். "தவறு என்னுடையதுதான் ஐயா. வலித்திருக்கும், மன்னித்துவிடுங்கள். என் கொட்டைகளை வயிறு முட்டத் தின்னுங்கள். என்மேல் உட்கார்ந்தால் உங்களுக்கு மெத்தென்றுகூட இருக்காது."

கரடி மூக்கைத் தடவிக்கொண்டு யோசித்தது. பிறகு கொட்டை தின்ன உட்கார்ந்தது.

மறுநாள் ஹூகோ வாழ்நாளில் முதன்முறையாகக் கொட்டை பொறுக்கக் கிளம்பினான். நாள் முழுக்கத் தேடி, இரண்டு கூழாங்கல்லும் ஒரு நத்தையும் கொண்டுவந்தான்.

நீதி: மனைவியின் பொருளை எடுத்துக்கொண்டு, பழியை மட்டும் அவளிடம் விடுவது இல்லறம் ஆகாது.